துரைசானியம்மா ஏரியில் இறங்கிய நாள்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பதெல்லாம் உடம்பைப் பற்றியதாகவே இருக்கும். படுத்துவிட்டவரை எப்படிப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, புரை ஏறாமல் கஞ்சியை எப்படி ஊட்டுவது. அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும். ஆனால் நீங்கள் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒரு நாள் காலையில் உங்களை யாரென்று கேட்பார். மத்தியானம் திருடி என்பார். பொழுது சாயும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அப்போது என்ன செய்வது என்பது கைப்பழக்கத்தில் வருவதில்லை. அந்த நேரத்தில் நீங்களேதான் யோசிக்க வேண்டும். நான் எப்படி யோசித்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கு வேறு மாதிரி நடக்கும். இருந்தாலும் கேட்டு வையுங்கள்.

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்த காலம் அது. நான் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் கப்பல் சரக்கு இறக்கும் தோணியில் போவார். நான் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு துரை வீட்டுக்குத் துணி மடிக்கப் போனேன். இப்போது நினைத்தால் அந்த வீட்டின் வாசனைதான் முதலில் வருகிறது. கிராம்பு போட்டு மூடிய துணிப் பெட்டி, வெயிலில் காயும் சுண்ணாம்புச் சுவர், பின்கட்டில் வெங்காயம் வதங்குகிற வாசம். துரைமார் கோயில் மணி அடித்தால் தெருவெல்லாம் கறுப்புப் பாவாடைகள் சரசரவென்று போகும். சாயச் சேலைக் கட்டுகளை ஏற்றிய வண்டிகள் ஒதுங்கி நிற்கும். அந்தத் தெருவில் இப்போது ஆடு மேய்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். துரை, கோட்டையில் துணிக் கிடங்கைக் கவனிக்கிறவர். அவர் மனைவி, நாங்கள் சின்னம்மா என்போம். துரையின் தாயார் பெரியம்மா. சமையலுக்கு ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டோம்.

பெரியம்மா முன்பு எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியும். விறைப்பான முதுகு. வெள்ளை சரிகைப் பின்னல் குல்லாய். இடுப்பில் சாவிக் கொத்து. எந்தத் தட்டு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் போய், தேவாலயத்து அநாதைப் பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா பறங்கிக் கப்பல்காரர், வேறு துறைமுகத்திலிருந்து வந்த குடும்பம் என்று சொல்லியிருந்தார். தமிழில் அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஏவ வேண்டியதை ஒல்லாந்தர் பேச்சில் பாயிடம் சொல்வார். பாய் எங்களுக்குச் சொல்வார்.

அவருக்கு முதலில் மாறியது குணம்தான். மறதி அப்புறம்தான் தெரிந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள், வீட்டார் இதைத்தான் தவறவிடுவார்கள். சிக்கனமானவர் திடீரென்று வாரி இறைப்பார். அமைதியானவர் எரிந்து விழுவார். வயசானதால் வந்த கோபம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆமையோட்டுச் சீப்பு ஒன்று காணவில்லை, நான்தான் எடுத்தேன் என்றார். துரையைக் கூப்பிட்டு என் முந்தானையை உதறச் சொன்னார். நான் எடுக்கவில்லை என்று சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. கடைசியில் கையில் இருந்த சாவிக் கொத்தை என் மேல் வீசினார்.

பின்கட்டில் நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது பாய் சொன்னார்.

"எடுக்கலன்னு சொல்லாதம்மா. அவங்க உங்கிட்ட கேக்கறது அது இல்ல. தேடலாம் வாங்கன்னு சொல்லிப் பாரு."

"சொன்னா?"

"சொல்லிப் பாரேன். பேஜாரு கொறையுதா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

அடுத்த தடவை அப்படித்தான் செய்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், தலையணையைத் தட்டினேன், அவரும் என் கூடவே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். பாதித் தேடலில் எதைத் தேடுகிறோம் என்பதை மறந்துவிட்டார். முகம் தெளிந்துவிட்டது. சீப்பு பிறகு அரிசிப் பானையில் கிடைத்தது. யாரும் எடுக்காதபடி அவரே ஒளித்து வைத்திருக்கிறார். உங்களைத் திருடி என்று சொன்னால் உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் தன் பொருள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிற பயத்தில் இருக்கிறவரோடு வழக்காடி ஜெயிக்க முடியாது.

அதற்குப் பிறகு துணி மடிக்கிற வேலை போய், பெரியம்மாவைப் பார்த்துக்கொள்வதே என் வேலையாயிற்று.

காலையில் அவர் பெரும்பாலும் நன்றாக இருப்பார். பொழுது சாயத் தொடங்கி, சுவரில் நிழல் நீளும்போது எல்லாம் மாறும். அறைக்கும் வாசலுக்கும் நடப்பார். கதவுப் பிடியைத் திருகுவார். வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். சின்னம்மா நல்ல பெண்மணி, பொறுமையாகத்தான் சொல்வார். இதுதான் உங்கள் வீடு, இது உங்கள் நாற்காலி, இது உங்கள் கணவரின் படம். ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட பெரியம்மா இன்னும் கலங்குவார். ஒரு நாள் சின்னம்மாவைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அறைந்த கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"போணும். இருட்டினா அம்மா அடிக்கும்."

தேவாலயத் தமிழும் இல்லை, கோட்டைத் தமிழும் இல்லை. ஏரிக்கரைப் பேச்சு. சின்னம்மா கன்னத்தில் கையை வைத்தபடி உறைந்து நின்றார். நான் யோசிக்க நேரமில்லாமல் பதில் சொன்னேன்.

"எங்க இருக்குது உங்க வூடு?"

"அந்தாண்ட. தண்ணியாண்ட."

"வாங்க, கொஞ்ச தூரம் நடக்கலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவர் பேசிக்கொண்டே வந்தார். கால் புதையும் என்றார். பறி நிறையாமல் போனால் அம்மா அடிக்கும் என்றார். விளக்கு ஏற்றிய பிறகு களைத்துப்போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒல்லாந்தர் பேச்சு அவர் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிற்று. கடைசியாகக் கற்றது முதலில் போகும் என்பதைப் பின்னால் வேறு பெரியவர்களிடமும் பார்த்தேன்.

துரைக்கு இதைத் தாங்க முடியவில்லை. வேலைக்காரிகள் பேசிப் பேசி ஒட்டிக்கொண்ட பாஷை என்றார். இனிமேல் அம்மா காதில் தமிழ் விழக் கூடாது என்று எங்கள் எல்லாரிடமும் தமிழிலேயே சொன்னார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் அதை ஏவுவதற்கு மட்டும் வைத்திருந்தார்.

மேலிடத்திலிருந்து ஒரு பெரியதுரை கப்பலில் வந்தார். துரையின் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. அவருக்கு வீட்டில் விருந்து. பெரியம்மா மேசைக்கு வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். வந்தால் என்ன ஆகுமோ தெரியாது. வரட்டும், வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லி, துரை என்னை அவர் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பெரியம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பெரியதுரை ஏதோ கேட்க, தலையைக்கூட ஆட்டினார். பிறகு தட்டில் இருந்த ரொட்டித் துண்டை எடுத்துச் சட்டைக் கைக்குள் செருகினார். இன்னொன்றை எடுத்து மடியில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் தட்டிலிருந்தும் எடுத்தார். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. பெரியதுரை சிரித்துக்கொண்டே பார்த்தார். பெரியம்மா மூன்றாவது துண்டைப் பின்னால் என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நீயும் எடுத்துக்க. அப்பால குடுக்கமாட்டாங்க."

துரையின் முகம் வெளுத்துப் போயிருந்தது. விருந்தாளி முன்னால் துரைமார் மேசையிலிருந்து வேலைக்காரி ரொட்டி எடுத்தால் அன்றைக்கே வேலை போகும். வாங்காமல் நின்றால் அவர் கையைத் திரும்ப எடுக்கமாட்டார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பிடிவாதம் இல்லை அதில். பசித்த குழந்தையின் கண். நான் ரொட்டியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

"வாங்கிக்கிட்டேன். வா, உள்ள போயி பத்தரமா வெச்சுடலாம்."

அவர் எழுந்து, சாதாரணமாக என்னோடு வந்துவிட்டார்.

மறுநாள் துரை பெரியம்மாவின் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட ஆள் கூப்பிட்டார். என்னையும் வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார். வேறு யாரிடமும் பெரியம்மா சாப்பிடமாட்டார் என்று சின்னம்மா சொன்னதால் விட்டார்.

தாழ்ப்பாள் போட்ட வீட்டில் வேலை செய்ய நேர்ந்தால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் பெரியம்மா கதவைத் தட்டினார், கத்தினார், தட்டை எறிந்தார். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாயில் வைத்த கஞ்சி வாயிலேயே இருந்தது. அம்மா இப்போது அடங்கிவிட்டார் என்று துரை நிம்மதியாகச் சொன்னார். பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "கதவத் தட்டறவரிக்கும் ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம்மா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லாரும் கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் சின்னம்மா மாமியாருக்கு உடை மாற்றிவிட்டுத் தாழ்ப்பாளைப் போடாமல் போய்விட்டார். நான் கிணற்றடியில் இருந்தேன். திரும்பி வந்தால் அறை திறந்து கிடந்தது. வாசல் கதவும் திறந்து கிடந்தது.

ஆள் ஓடி, கோயிலிலிருந்து துரையைக் கூட்டி வந்தார்கள். அவர் கோட்டைக்கு ஒரு ஆளை அனுப்பினார், அப்பா கல்லறைக்கு ஒரு ஆளை அனுப்பினார், அம்மாவின் தோழி ஒருவர் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பினார். அவருக்குத் தெரிந்த அம்மா போகக்கூடிய இடங்கள் அவைதான். நானும் தெருவில் இறங்கினேன். ஆனால் உடனே ஓடவில்லை. நின்று, அவர் சாயங்காலங்களில் சொன்னதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். தண்ணீர். கால் புதைகிற சேறு. பறி.

பறி என்பது பனையோலையில் முடைந்த சிறிய கூடை. ஏரியில் கையால் எறால் பிடிக்கிறவர்கள் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். எங்கள் குப்பத்தில் யாரும் அதைச் செய்வதில்லை. நாங்கள் வலை போடுகிறவர்கள். அவர்களோடு எங்களுக்குப் பேச்சு உண்டு, பெண் கொடுத்து எடுப்பது கிடையாது. அந்தப் பறியைப் பற்றி ஒரு துரைசானிக்கு எப்படித் தெரியும் என்று நான் அதுவரை என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்ட உடனே எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. துரையின் ஆளிடம் சொல்லிவிட்டு, ஊருக்கு அப்பால் ஏரி ஆழமில்லாமல் பரந்து கிடக்கிற பக்கம் ஓடினேன்.

உமரிச் செடி முளைத்த கரையில் எறால் பிடிக்கிற ஆட்கள் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்தன. அதற்கு இந்தப் பக்கம், மார்பளவு தண்ணீரில் பெரியம்மா குந்தியிருந்தார். கறுப்புப் பாவாடை அவரைச் சுற்றி உப்பி மிதந்தது. தலையில் குல்லாய் இல்லை. அது அவர் பல்லுக்கிடையில் தொங்கியது. கை இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. நான் பார்க்கும்போதே ஒரு கை மேலே வந்தது, துள்ளுகிற எறாலைக் குல்லாய்க்குள் போட்டது, மறுபடி உள்ளே போயிற்று.

"நாங்க கூப்ட்டோம்மா," என்றார் கரையில் நின்ற ஒருவர். "துரைசானியாச்சே, தொட்டா இன்னா சொல்வாங்களோன்னு நின்னுட்டோம். ஆனா நல்லாத்தான் புடிக்குது."

"அதுக்கு அந்தாண்ட ஆழமா?"

"ஓடை இருக்குது. கடல் ஓதம் வேற ஏறுது. அது பின்னாலயே நகருது பாரு."

அவர் சொன்னது சரிதான். பெரியம்மா எறாலைத் தடவித் தடவி ஓடைப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தார். அதற்குள் துரை வந்து சேர்ந்தார். கூடவே கோட்டைச் சிப்பாய்கள் இரண்டு பேர். துரை தாயைப் பார்த்ததும் தண்ணீர் ஓரம்வரை ஓடி, ஒல்லாந்தர் பேச்சில் உரக்கக் கூப்பிட்டார். பெரியம்மா நிமிர்ந்தார். மகனைப் பார்க்கவில்லை அவர். சிப்பாய்களின் சட்டையைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. பின்னால் வேகமாக நகர்ந்தார்.

"துரை, கூப்பிடாதீங்க," என்றேன். "அந்த ரெண்டு பேரையும் கண்ணுக்குத் தெரியாம போவச் சொல்லுங்க. தன்னப் புடிக்க வந்திருக்காங்கன்னு அம்மா பயப்படறாங்க."

"நான் அவங்க மகன்."

"அது உங்களுக்குத் தெரியுது துரை. அவங்களுக்கு இப்பத் தெரியல."

அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிப்பாய்களைப் போகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

நான் தண்ணீரில் இறங்கினேன். நேராக அவரிடம் போகவில்லை. கொஞ்சம் தள்ளிக் குந்தினேன். கையைச் சேற்றில் விட்டுத் துழாவினேன். அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். குல்லாயை வாயிலிருந்து எடுத்தார்.

"யாரு நீ?"

"குப்பத்துக்காரி."

"வலக்காரி இங்க இன்னாத்துக்கு வந்த?"

"எறால் புடிக்கலாம்னுதான். கையால புடிக்கத் தெரியல."

அவர் சிரித்தார். அத்தனை நாள் அந்த வீட்டில் இருந்து நான் கேட்காத சிரிப்பு.

"சேத்த அமுக்காத. தடவு. அது மேல வந்து முட்டும், அப்பப் புடி."

தடவினேன். ஒன்று முட்டியது, நழுவிப் போயிற்று. அவர் மறுபடி சிரித்தார்.

"உம் பேரு இன்னா?" என்று கேட்டேன்.

"நாகி."

பெயரைச் சொல்லிவிட்டு அவர் இன்னும் ஓரடி பின்னால் போனார். தண்ணீர் அவர் கழுத்தைத் தொட்டது. கரைக்குப் போகலாமா என்றேன். பறி நிறையவில்லை என்றார். எழுந்து பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவர் மிரண்டு உதறுவார். அந்தச் சேற்றில் இரண்டு பேரும் ஓடைக்குள் போய்விடுவோம். பொய் சொல்லிக் கூப்பிடலாம். என்ன பொய் சொன்னாலும் பறி நிறையவில்லை என்பார். அப்போது என் வலது கால் உண்மையாகவே சேற்றில் முழங்கால்வரை புதைந்துகொண்டது. நான் கடற்கரைக்காரி. மணலில் நிற்கத் தெரியும், சேற்றில் தெரியாது. பயம் வந்தது. அந்தப் பயத்தையே அவரிடம் சொன்னேன்.

"நாகி, எங்காலு மாட்டிக்கிச்சு. எடுக்க வரல. எனக்குப் பயமா இருக்குது. என்ன கரைல வுட்டுடு."

அவர் முகம் மாறிவிட்டது. அத்தனை மாதமாக எல்லாரும் அவரைக் குளிப்பாட்டினோம், ஊட்டினோம், பூட்டி வைத்தோம். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் உடனே குல்லாயைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நேரா இழுக்காத. காலத் திருப்பு. குதிகால மொதல்ல தூக்கு. ஆங், வருது பாரு."

ஒவ்வொரு அடியாக என்னைக் கூட்டி வந்தார். எங்கே கால் வைக்க வேண்டும் என்று காட்டினார். பள்ளம் இருந்தால் என்னை நிறுத்தினார். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. கரையில் ஏறியதும் என்னை உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே துரை நின்றிருந்தார்.

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். அம்மா என்று துரை ஒரு வார்த்தை ஒல்லாந்தர் பேச்சில் சொல்லியிருந்தால் அவர் மறுபடி தண்ணீருக்கு ஓடியிருப்பார். பெரியம்மாதான் பேசினார்.

"பசியா இருக்கியா நைனா?"

எங்கள் பக்கம் தகப்பனையும் நைனா என்போம், பிள்ளையைக் கொஞ்சும்போதும் நைனா என்போம். துரைக்கு அது தெரியும்.

"ஆமா," என்றார் தமிழில். "குடுங்க."

தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார். பெரியம்மா குல்லாயில் இருந்த எறாலை எல்லாம் அதில் கொட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் துரை தாழ்ப்பாளைத் தானே பிடுங்கி எடுத்தார். பின்கட்டில், ஏரி தெரிகிற மூலையில், பெரியம்மாவுக்கு ஒரு தாழ்ந்த கட்டில் போடச் சொன்னார். அவரிடம் தமிழில் பேசலாமா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேசினோம். பதவி உயர்வு வரவில்லை. ஊரில் பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த சில குடும்பங்கள் வருவதை நிறுத்தின. சின்னம்மா அதை நினைத்து அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாமியார் காலுக்கு எண்ணெய் தடவுவதை அவர் நிறுத்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் சரியாவது என்று ஒன்று இல்லை. குளிப்பாட்டும்போது ஒரு நாள் என் கையைக் கடித்தார், தழும்பு இன்னும் இருக்கிறது. துணியை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவள் யாரென்று தெரியாவிட்டால் நானும் கடிப்பேன். சில நாள் காரணமில்லாமல் அழுவார். காரணம் கேட்டால் இன்னும் அழுவார், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சில நாள் முழுக்க ஒன்றிலும் நாட்டம் இல்லாமல் கிடப்பார். அம்மாவுக்கு நாளைக்காவது என்னைத் தெரியுமா என்று துரை என்னிடம் கேட்பார். தெரியாது துரை என்பேன். தெரியும் என்று ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள். மறுநாள் அவர்கள் அதை எதிர்பார்த்து வந்து நிற்பார்கள்.

துரை அந்திப்பொழுதில் வரத் தொடங்கினார். அதுதான் பெரியம்மாவுக்குக் கெட்ட நேரம் என்று நான் சொன்னதால், கிடங்கைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருப்பார். ஒவ்வொரு நாளும் பெரியம்மாவுக்கு அவர் புது ஆள்தான். ஒரு தடவை, அம்மா எங்கே என்று பெரியம்மா கேட்டபோது, உங்கள் அம்மா இறந்து வெகுகாலம் ஆயிற்று என்று சொல்லிவிட்டார். உண்மையைத்தானே சொன்னேன் என்று பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். உண்மைதான். ஆனால் பெரியம்மாவுக்கு அம்மா அப்போதுதான் இறந்தாள். அன்றைக்கு அவர் மண்ணில் விழுந்து புரண்டதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெரியம்மா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மேலே ஒல்லாந்தர் எழுத்து வெட்டிய கல். நான் அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெரியவர்களைப் பார்த்துக்கொண்டேன். செட்டியார் வீட்டுத் தாத்தா ஒருவர் நாள் பூராவும் பாடுவார். இன்னொருவர் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு சீர் செய்யப் பார்ப்பார். எல்லாரையும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் பெரியம்மா போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

மழை விட்டிருந்தது. பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துரை வந்து நின்றார். பெரியம்மா அவரைப் பார்த்து, "அம்மா எங்க?" என்று கேட்டார்.

துரை என்னைப் பார்த்தார். அவர் கொஞ்சம் தடுமாறிவிட்டுத் தமிழில் கேட்டார்.

"உங்க அம்மா எப்படி இருப்பாங்க?"

பெரியம்மாவின் முகத்தில் இருந்த பரபரப்பு நின்றது. யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"கறுப்பா, ஒசரமா இருக்கும். பல்லு நல்லாருக்கும். தம்பி எப்பவும் இடுப்புலதான் இருப்பான், எறங்கவே மாட்டான்." கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். "மழையே இல்ல. ஏரி வத்திப்போயி சேறெல்லாம் வெடிச்சிருந்துது. எங்கியும் ஒண்ணும் கெடைக்கல. அம்மா என்னக் கோட்டையாண்ட இட்டுகினு வந்துது. ஒருத்தரு எங்கையப் புடிச்சிப் பாத்தாரு, கண்ணப் பாத்தாரு. அம்மாக்கு முந்தானை நெறைய அரிசி போட்டாரு, என்ன வுடுதிக்கு இட்டுகினு போவச் சொன்னாரு. அது தம்பிய இடுப்புல வெச்சிகினு போச்சு."

"நீங்க அழுதீங்களா?"

"அழல. அழுதா அது திரும்பி வந்துடும். வந்தா அரிசியப் புடுங்கிப்பாங்க. தம்பி இன்னா துண்ணுவான்?"

துரை நின்ற இடத்திலேயே நின்றார். அவர் தோள் குலுங்கியது. நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். அதற்குள் பெரியம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டி, அவர் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். தன் சட்டைக் கை நுனியால் அவர் முகத்தைத் துடைத்தார், ஒரு கன்னம், பிறகு இன்னொரு கன்னம்.

"இன்னாத்துக்கு நைனா அழுவற? உங்கம்மா வந்துடும். குந்து."

துரை அவர் காலடியில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.